தடம் புரளும் இடம் ஒன்று, கோளாறு இருக்கும் இடம் வேறு: சரக்குப் பெட்டி கிட் பிழை நீக்கும் வழிமுறை

கிட்டிலிருந்து ஒட்டிச் செய்த மாதிரி ரயில் சரக்குப் பெட்டி மேசையில் அம்சமாக நிற்கும். ரயிலில் கோத்ததும், பாதை பிரியும் முதல் பாயிண்டிலேயே தடம் இறங்கும். உடனே கை எடைத் தகட்டைத் தேடும். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். இறங்குகிறதா, இன்னும் பத்து கிராம் போடு. கடைசியில் ஏற்றத்தில் இஞ்சின் திணறும் அளவுக்குக் கனமான ஒரு பெட்டியைச் செய்து முடித்தேன். அதுவும் அதே பாயிண்டில் தவறாமல் இறங்கியது. ஒரு ஜோடிச் சக்கரத்தின் இடைவெளி அரை மில்லிமீட்டர் குறைவு, அவ்வளவுதான் விஷயம். அதற்குப் பிறகு ஒரு வரிசை வைத்துக்கொண்டேன்: சக்கரம், டிரக், கப்ளர் (பெட்டிகளைக் கோக்கும் கொக்கி), உடல், எல்லாவற்றுக்கும் கடைசியில் எடை. உங்கள் பெட்டி காட்டும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் சக்கரத்தைப் பார்க்காமல் மட்டும் போகாதீர்கள்.

டிரக் என்று இங்கே சொல்வது லாரியை அல்ல. அமெரிக்கச் சரக்குப் பெட்டிக்கு அடியில் நான்கு சக்கரங்களைத் தாங்கித் திரும்புகிற சட்டத்துக்கு அங்கே அதுதான் பெயர். பெட்டியின் அடியில் அது வந்து உட்காரும் மேடு போல்ஸ்டர். அளவுகள் எல்லாம் எச்ஓ ஸ்கேலுக்கு, அதாவது 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. கையில் இருக்க வேண்டியவை நாலே நாலு: மாதிரி ரயில் ஆர்வலர் சங்கமான என்எம்ஆர்ஏ விற்கும் தகட்டு அளவி, கப்ளர் உயர அளவி, ஒரு சின்னத் தராசு, தட்டையான கண்ணாடித் துண்டு. அமெரிக்காவில் 1935-இல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் அளவுகளைத்தான் சக்கரம் செய்பவர்களும் பாதை செய்பவர்களும் பொதுவாகப் பின்பற்றுகிறார்கள். கண்ணாடித் துண்டை அலட்சியமாக நினைக்க வேண்டாம். நான் பிடித்த கோளாறுகளில் பாதி அதன்மேல் வைத்துப் பார்த்தபோது பிடிபட்டவை.

தடம் புரள்கிறது

எங்கே புரள்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஒரே இடத்தில் என்றால் வேறு இரண்டு மூன்று பெட்டிகளையும் அந்த இடத்தில் ஓட்டிப் பாருங்கள். எல்லாம் தடுமாறினால் குற்றம் பாதையில். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டு பாதைக்குப் போங்கள். இந்த ஒரு பெட்டி மட்டும்தான் என்றால், அதை முன்பின்னாகத் திருப்பி ரயிலில் கோத்து ஓட்டுங்கள். முன்னால் இருந்தபோது இறங்கிய டிரக், பின்னால் போன பிறகும் தானேதான் இறங்குகிறது என்றால் அந்த டிரக்தான் குற்றவாளி. எது முன்னால் வருகிறதோ அது இறங்குகிறது என்றால் டிரக்கை விட்டுவிட்டுக் கப்ளரையும் பெட்டியின் முறுக்கையும் சந்தேகப்படுங்கள்.

பாயிண்டில் மட்டும் இறங்கினால் பெரும்பாலும் சக்கர இடைவெளிதான். இரண்டு சக்கரங்களின் உட்புற முகங்களுக்கு நடுவே சுமார் 14.4 மி.மீ இருக்க வேண்டும். அது குறைந்தால் சக்கரம், பாயிண்டில் ஓரமாகப் பதித்த காவல் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு மேலே ஏறும். கூடினால் எதிர்ப்பக்கச் சக்கரத்தின் விளிம்பு ஃப்ராக்கின் (தண்டவாளங்கள் குறுக்கிடும் இடம்) மூக்கில் போய் முட்டும். எண்ணை அளந்துகொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். தகட்டு அளவியின் இரண்டு வெட்டுகளிலும் விளிம்புகள் சேர்ந்து உட்கார்ந்தால் சரி. சக்கரத்தை மூன்று நிலைகளில் திருப்பித் திருப்பி அளவியில் வையுங்கள். ஒரு நிலையில் சரியாகவும் இன்னொன்றில் தப்பாகவும் இருந்தால் சக்கரம் அச்சில் கோணலாக ஏறியிருக்கிறது. உலோகச் சக்கரமாக இருந்தால் இரண்டையும் விரல்களால் பிடித்து, திருகிக்கொண்டே மெல்ல இழுத்தாலோ அழுத்தினாலோ நகரும். திருகாமல் நேராக இழுத்தால் திடீரென்று கழன்று கையோடு வரும். நகர்த்திய பிறகு இரண்டு சக்கரமும் அச்சின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரு பக்கமாக ஒதுங்கிய ஜோடி அளவியில் தேறிவிடும், ஆனால் டிரக்கையே ஓரமாக இழுத்துக்கொண்டு போகும்.

வளைவில் மட்டும் இறங்கினால் டிரக் திரும்ப இடமில்லை என்று பொருள். எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. சக்கர விளிம்பிலும், தண்டவாளத்தில் உருளும் ஓட்டு முகத்திலும் அழியும் மார்க்கர் மையைத் தடவி, நீங்கள் ஓட்டும் மிகக் குறுகிய வளைவில் பெட்டியைக் கையால் தள்ளுங்கள். கவிழ்த்துப் பார்த்தால் மை ஒட்டிய இடம் தெரியும்: நடுச் சட்டம், ஓரத்துப் படி, கப்ளர் பெட்டியின் பின்முனை, அல்லது நீங்கள் ஆசை ஆசையாகக் கம்பியில் வளைத்து ஒட்டிய பிரேக் தண்டு. கடைசியாகச் சொன்னது என் பெட்டிகளில்தான் அதிகம். இடிக்கும் இடத்தை அரத்தால் கொஞ்சம் தேயுங்கள். டிரக்குக்கும் போல்ஸ்டருக்கும் நடுவே வாஷர் போட்டும் தப்பிக்கலாம். ஆனால் வாஷர் போட்டால் கப்ளரும் கூடவே உயரும், அங்கே புதிதாக ஒரு வேலை முளைக்கும். 33 அங்குலச் சக்கரத்தை எடுத்துவிட்டு 36 அங்குலச் சக்கரம் போட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எச்ஓவில் அவை 9.6 மி.மீ, 10.5 மி.மீ. விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லையே என்று தோன்றும். இருந்தாலும் பெட்டி அரை மில்லிமீட்டர் உயரும், விளிம்பும் அதே அளவுக்குச் சட்டத்தை நெருங்கும்.

நேர்பாதையில், காரணமே இல்லாததுபோல் இறங்கினால் முறுக்கைத் தேடுங்கள். முதலில் டிரக்கைத் தனியே கழற்றிக் கண்ணாடிமேல் வையுங்கள். மூலைகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டினால், நான்கு சக்கரமும் படியாத டிரக் கிண்கிண் என்று ஆடிக் காட்டிவிடும். வார்ப்பிலேயே முறுகியதை நிமிர்த்த முயல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு நாளில் பழைய கோணலுக்கே திரும்பிவிடுகிறது, மாற்றிவிடுவேன். டிரக் நேராக இருந்தால் பெட்டியின் உடலில் முறுக்கு. அதற்கு மருந்து முக்காலிக் கணக்கு. நாற்காலி மேடு பள்ளத்தில் ஆடும், முக்காலி ஆடாது. ஒரு டிரக்கின் திருகை, டிரக் இடவலமாகத் திரும்ப மட்டும் செய்து பக்கவாட்டில் சாயாத அளவுக்கு இறுக்குங்கள். மற்ற டிரக்கின் திருகை முக்கால் சுற்று தளர்த்தி, எல்லாப் பக்கமும் அசையவிடுங்கள். பெட்டி இப்போது மூன்று புள்ளிகளில் நிற்கும். இரண்டையும் தளர்த்தினால் பெட்டி கப்பல்போல உருளும். இரண்டையும் இறுக்கினால் பாதையின் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்.

முன்னால் இழுக்கும்போது ஒழுங்காக வந்து, பின்னால் தள்ளும்போது மட்டும் இறங்குகிறதா? கப்ளர் டிரக்கோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருந்தால் காரணம் அதுவே. தள்ளும் விசை நேராக டிரக்கைப் பக்கவாட்டில் திருகுகிறது. கப்ளரை வெட்டி எடுத்துவிட்டு, பெட்டியின் தரையோடு தனிக் கப்ளர் பெட்டி பொருத்துவதுதான் நிரந்தரத் தீர்வு.

திருகு இறுகாமல் சும்மா சுற்றுகிறது

மரை கழன்றுவிட்டது. பெரிய திருகு தேடாதீர்கள். துளையில் இறுக்கமாகப் போகும் ஸ்டைரீன் (கிட் பிளாஸ்டிக்) கம்பியை, அதை இளக்கி ஒட்டும் கரைப்பானில் நனைத்துச் செருகி, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாக வெட்டுங்கள். பிறகு நடுவில் 1.8 மி.மீ துளை போட்டு 2-56 அளவு டாப்பால் (மரை வெட்டும் கருவி) மரை போடுங்கள். டிரக்கில் அந்தத் திருகு போகும் துளை 2.3 மி.மீ இருந்தால் போதும். டாப்பை அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று விடுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் பிளாஸ்டிக் சூடாகி மரையே உருகும்.

தள்ளாடிக்கொண்டு போகிறது

தடம் விடவில்லை, ஆனால் குடித்தவன்போல ஆடுகிறது. முக்காலிக் கணக்கைச் செய்தும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் ஒவ்வொரு அச்சாக மாற்றிப் பாருங்கள். பழைய கிட்டுகளோடு வரும் பிளாஸ்டிக் சக்கரங்களில் அச்சு நடுவில் இல்லாதவை சகஜம், ஓட்டு முகத்தில் வார்ப்புப் பிசிறும் இருக்கும். இதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. என்எம்ஆர்ஏ பரிந்துரைக்கும் ஆர்பி 25 வடிவத்தில் செய்த உலோகச் சக்கரம் போடுங்கள்.

உருள மறுக்கிறது

இரண்டு சதவீதச் சரிவில் வைத்துவிட்டால் பெட்டி தானாக இறங்கி ஓட வேண்டும். இல்லையென்றால் டிரக்குகளைக் கழற்றித் தனித்தனியே உருட்டுங்கள். டிரக் நன்றாக உருண்டு பெட்டியோடு சேரும்போது மட்டும் நின்றால் சக்கரம் பெட்டியின் அடித்தரையில் உரசுகிறது, மேலே சொன்ன மை சோதனையைச் செய்யுங்கள். தனியாகவும் உருளவில்லையா? அச்சின் கூர்முனை உட்காரும் குழியில் பிசிறோ பெயின்டோ இருக்கும். குழியைச் சுத்தமாகக் கடையும் கைக்கருவி ஒன்று கிடைக்கிறது. இரண்டு பக்கமும் கூம்பு வைத்த சிறு தண்டு அது. அச்சு இருக்கும் இடத்தில் வைத்து நாலைந்து சுற்று சுற்றினால் போதும். அதிகமாகக் கடைந்தால் அச்சு தளர்ந்து டிரக் தாழும்.

கடைந்த பிறகும் அச்சுக்கு அசைவே இல்லை என்றால் நீளத்தைப் பாருங்கள். எச்ஓ அச்சுகள் ஏறக்குறைய 26 மி.மீ நீளம். ஆனால் ஒரு நிறுவனத்தின் அச்சு இன்னொரு நிறுவனத்தின் டிரக்கில் மயிரிழை நீளமாகவோ குட்டையாகவோ போகும். குட்டையானால் ஆடும், நீளமானால் பக்கச் சட்டங்களை வெளியே தள்ளிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று வகைச் சக்கரங்களை வைத்துக்கொண்டு எது இசைகிறது என்று பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது. எண்ணெய் விட வேண்டாம். இன்று வழுக்கும், மூன்று மாதத்தில் தூசியோடு சேர்ந்து களிம்பாகும்.

கப்ளர் தானாகக் கழல்கிறது, அல்லது கோத்துக்கொள்ள மறுக்கிறது

உயர அளவியில் வையுங்கள். தண்டவாள மேல்மட்டத்திலிருந்து கப்ளர் தலையின் நடு வரைக்கும் 25/64 அங்குலம், அதாவது ஏறக்குறைய 9.9 மி.மீ. தாழ்ந்திருந்தால் போல்ஸ்டரில் வாஷர் போட்டுப் பெட்டியை உயர்த்தலாம். உயர்ந்திருந்தால் போல்ஸ்டரைக் கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் சமமாகத் தேய்க்கலாம், அல்லது தரைக்கும் கப்ளர் பெட்டிக்கும் நடுவே மெல்லிய ஸ்டைரீன் தகடு கொடுத்துக் கப்ளரை இறக்கலாம். வித்தியாசம் பெரிதாக இருந்தால் இந்த வைத்தியமெல்லாம் வேண்டாம். தண்டு மேலேறியோ கீழிறங்கியோ இருக்கும் கப்ளர்கள் தனியே விற்கின்றன, தலை சரியான உயரத்துக்கு வரும்.

உயரம் சரி, தலை மட்டும் தொங்குகிறது என்றால் கப்ளர் பெட்டியின் மூடி சரியாக மூடவில்லை. மூடியைத் திருகால் பிடிக்காமல் பசையால் ஒட்டுபவர்களுக்கு இது நேரும். நான் ஒருபோதும் ஒட்டுவதில்லை. உள்ளே வில் உடைந்தால் திறக்க வேண்டாமா?

தலை ஒரு பக்கம் போனால் நடுவுக்குத் திரும்பவில்லையா? நூற்றுக்குத் தொண்ணூறு, உள்ளே பெயின்ட் போயிருக்கும் அல்லது பசை கசிந்திருக்கும். கழற்றிச் சுரண்டி, ஒரு சிட்டிகை கிராஃபைட் தூளைப் போடுங்கள். பெட்டிக்குப் பெயின்ட் அடிக்கும் முன்பே கப்ளரைப் பொருத்திவிடும் அவசரக்காரர்கள் இதைப் பல தடவை செய்ய வேண்டிவரும்.

இன்னொரு சங்கதி, கேடீ நிறுவன வகைக் கப்ளரின் அடியில் தொங்கும் வளைந்த கம்பி. அமெரிக்கப் பெட்டியின் காற்றுக் குழாய்போலத் தெரியும், காந்தத்தால் கப்ளரைத் திறப்பதும் அதுவே. தண்டவாள மட்டத்துக்கு மேல் முக்கால் மில்லிமீட்டர்போல உயரத்தில் அது இருக்க வேண்டும். இன்னும் தாழ்ந்தால் பாயிண்டிலும் கிராசிங்கிலும் மாட்டிப் பெட்டியையே தூக்கிக் கவிழ்க்கும். அப்போது நீங்கள் சக்கரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். குறட்டால் வளைத்து உயர்த்தலாம். ஒரு கை கப்ளர் தலையை அழுத்திப் பிடித்திருக்கட்டும், இல்லையென்றால் தண்டு முறியும்.

பெட்டி காந்தத்தின்மேல் நிற்கும்போது தானாக நகர்கிறதா? பேய் ஓட்ட வேண்டாம், அச்சு எஃகு. பித்தளை அச்சோ பிளாஸ்டிக் அச்சோ போடுங்கள்.

உடல் சதுரமாக நிற்கவில்லை

ஊசிவார்ப்பு ஸ்டைரீன் கிட்டில் தரை வில்லாக வளைந்திருந்தால், எஃகு எடைத் தகட்டைப் பாருங்கள். வெட்டிய ஓரம் மடிந்த தகடு, இறுக்கும்போது தரையையும் கூடவே மடக்கும். சுத்தியால் தட்டி நிமிர்த்துங்கள்.

மூடிய பெட்டியின் பக்கச் சுவர் சில மாதம் கழித்து உள்வாங்கினால் கதை வேறு. எடையை ஒட்ட உள்ளே தாராளமாகக் கரைப்பானையோ ரப்பர் பசையையோ ஊற்றிவிட்டு, தரையை மூடிவிட்டிருக்கிறீர்கள். ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று பிளாஸ்டிக்கை மெல்ல இளக்குகிறது. ஆன பிறகு மீட்பது கடினம். அடுத்த பெட்டியில் தரையில், கண்ணுக்குப் படாத இடத்தில் இரண்டு துளை போட்டுவிடுங்கள். பசையையும் துளித்துளியாக வைத்தால் போதும்.

ரெசின் கிட்டின் பக்கங்கள் கோணலாக வருவது கிட்டின் குற்றம் என்றுகூடச் சொல்ல முடியாது, அதன் சுபாவம். சூடான தண்ணீரில் இளகும்வரை போட்டு எடுத்து, இரண்டு கண்ணாடிக்கு நடுவே கனம் வைத்து முழுக்க ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போதே எடுத்தால் திரும்ப வளையும். இதை ஒட்டுவதற்கு முன்பே செய்யுங்கள். நான்கு சுவரும் சேர்ந்த பிறகு ஒரு சுவரை மட்டும் நிமிர்த்த முடியாது. ரெசினைத் தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள், நனைத்துத் தேயுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

ஒட்டவில்லை

எது எதோடு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டைரீனோடு ஸ்டைரீன் என்றால் கரைப்பான். ரெசினைக் கரைப்பான் தொடாது. சூப்பர் க்ளூ அல்லது எபாக்சி வேண்டும். அதற்கும் முன்னால் வார்ப்பு அச்சிலிருந்து பிரிய உதவிய எண்ணெய்ப் படலத்தைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட வேண்டும். டிரக், கைப்பிடி, நடைபலகை ஆகியவை வழவழப்பான, வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக்கில் வந்தால் அது பெரும்பாலும் அசிட்டல். எந்தப் பசையும் அதில் உண்மையாகப் பிடிக்காது. துளையில் செருகி, உள்பக்கத்தில் முனையை மடக்கி, அந்த மடிப்பைப் பசைக்குள் புதைத்துவிடுங்கள்.

ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளைப் படலம் படிந்தால் சூப்பர் க்ளூவின் ஆவி. பசையைக் குறைத்து, காற்றோட்டத்தில் வையுங்கள். பெயின்ட்டுக்கு முந்தி வந்தால் கவலையே இல்லை, மறைந்துவிடும்.

எடை

இப்போது வரலாம். என்எம்ஆர்ஏவின் ஆர்பி 20.1 பரிந்துரைப்படி எச்ஓ பெட்டிக்கு ஒரு அவுன்ஸ், அதோடு உடலின் ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். 40 அடிப் பெட்டி 5.5 அங்குலம் வருமானால் மூன்றே முக்கால் அவுன்ஸ், கிராமில் 106. ஏழு அங்குலமான 50 அடிப் பெட்டிக்கு 128 கிராம். எச்ஓவைவிடச் சிறிய என்-ஸ்கேலில் அரை அவுன்ஸ், அங்குலத்துக்கு 0.15 அவுன்ஸ், 3 அங்குலப் பெட்டி 27 கிராமில் நிற்கும். பத்து சதவீதம் குறைந்தாலும் நான் கவலைப்படுவதில்லை. ஆனால் ஒரே ரயிலில் லேசானதும் கனமானதும் கலந்திருக்கக் கூடாது. கனமான வரிசைக்கு முன்னால் கோத்த லேசான பெட்டி, வளைவில் உள்பக்கமாக இழுபட்டுச் சாயும்.

சுவரில்லாத காலிப் பிளாட் காரும், சரக்கை அடிவழியாகக் கொட்டும் காலி ஹாப்பரும்தான் தலைவலி, எடையை ஒளிக்க இடமில்லை. பிளாட் காரில் நடுச் சட்டத்தின் குழிக்குள்ளும், ஹாப்பரில் சரிவுத் தகடுகளுக்கு அடியிலும் வைக்கலாம். டங்ஸ்டன் களிமண் இதற்கு நல்லது. ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையால் ஒட்டாதீர்கள். அந்தப் பசையின் அமிலம் ஈயத்தை அரித்து, விளைந்த வெள்ளைப் பொடி ஊதிப் பெருத்து, சில வருடத்தில் பெட்டியின் பக்கத்தையே பிளந்துவிடும். எபாக்சியில் புதையுங்கள், ஈயம் தொட்ட கையைக் கழுவுங்கள். எடை எப்போதும் தாழ்வாகவும், இரண்டு முனைக்கும் சமமாகவும் இருக்கட்டும்.

டெக்கால் வெள்ளிபோல் மின்னுகிறது

டெக்கால் என்பது தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படலம். மின்னினால் படலத்துக்கு அடியில் காற்று. மங்கலான பெயின்ட்டின் நுண்ணிய சொரசொரப்பில் அது சிக்கிக்கொள்கிறது. ஊசியால் பல இடத்தில் குத்தி, படிய வைக்கும் திரவத்தை மறுபடி தடவுங்கள். இரண்டு மூன்று சுற்று ஆகலாம். தடவியதும் டெக்கால் சுருங்கிக் கோரமாகும். அப்போது தொட்டால் தீர்ந்தது கதை. எழுந்து போய்விடுங்கள், தானாகப் படியும். அடுத்த முறை டெக்காலுக்கு முன்பு பளபளப்பு வார்னிஷும், பின்பு மங்கல் வார்னிஷும் அடியுங்கள். பழைய டெக்கால் தாள் தண்ணீரில் துண்டு துண்டாகச் சிதறினால், மிச்சத் தாளின்மேல் தெளிந்த வார்னிஷ் ஒரு பூச்சு அடித்துக் காயவிட்டு வெட்டுங்கள்.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் பார்க்கத் தப்பாக இருக்கிறது

இது பெரும்பாலும் காலக் குழப்பம். அமெரிக்காவில் 1966-லிருந்து புதிதாகக் கட்டிய, மூடிய சரக்குப் பெட்டிகளான பாக்ஸ் கார்களுக்குக் கூரை நடைபலகை கிடையாது. பக்கத்தில் 1970-களின் கட்டிய தேதியும் மேலே நடைபலகையும் இருந்தால் தெரிந்தவர் கண்ணில் உறுத்தும். மூடிய ஹாப்பருக்கு இது பொருந்தாது, மேலே ஏறித் திறப்பைத் திறக்க அங்கே பலகை வேண்டும். பெட்டியை இயந்திரம் படித்து அடையாளம் காண்பதற்காகப் பட்டை பட்டையாக நிறம் போட்ட ஏசிஐ அடையாளப் பலகை ஒட்டுகிறீர்களா, 1967-இல் வந்து 1977-இல் கைவிடப்பட்டது அது. 1950-இல் ஓடுவதாக நீங்கள் அமைத்த ரயிலில் இருக்க வழியில்லை.

நடைபலகையை எடுத்தால் கூரையில் துளை வரிசை மிஞ்சும். ஸ்டைரீன் கம்பியால் அடைத்து, கரைப்பான் தொட்டு, மறுநாள் மட்டமாக வெட்டித் தேயுங்கள். அன்றே தேய்த்தால் காய்ந்தபின் குழி விழும். வார்ப்போடு வந்த கைப்பிடிகளைச் சீவிவிட்டு 0.3 மி.மீ கம்பியில் புதிது வைப்பவர்களுக்கு 80-ஆம் எண் துளையூசி வேண்டும், அது 0.34 மி.மீ. கை துரப்பணத்தில் ஊசியை மிகக் குட்டையாகப் பிடியுங்கள், நீளமாக விட்டால் உடையும். உடைந்த முனை பிளாஸ்டிக்குள் நின்றுவிட்டால் தோண்டாதீர்கள். உள்பக்கத்திலிருந்து எட்டினால் வெளியே தள்ளுங்கள்; எட்டாவிட்டால் கைப்பிடியின் அந்தக் காலை வெட்டிக் குட்டையாக்கி, முனையின் மேலேயே சூப்பர் க்ளூவில் உட்கார வையுங்கள்.